ஒரே கையில் இரண்டு முறிவு: பிள்ளையின் அறுவைச் சிகிச்சை பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருக்கிறேன். கொய்யா மரத்திலிருந்து விழுந்த பையன், மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்த சிறுமி, சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிய பிள்ளை என்று மேற்கையும் முன்கையும் சேர்ந்து முறிந்து வரும் குழந்தைகள் எங்களிடம் நிறைய. பகலில் டாக்டர் விளக்குவது பதற்றத்தில் இருக்கும் பெற்றோரின் காதில் பாதிதான் ஏறும். இரவு பதினொரு மணிக்கு, பிள்ளை சற்றுக் கண்ணயர்ந்த பிறகு, எழுந்து வந்து என்னிடம் கேட்பார்கள். பல வருடங்களாகக் கேள்விகள் மாறவே இல்லை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் எடுப்பதுதான் முடிவு. அந்த முடிவு ஏன் என்று புரிந்துகொள்ள இது உதவட்டும். இன்றுதான் ஆபரேஷன் முடிந்து வந்திருக்கிறீர்கள் என்றால், "முதல் ராத்திரி" என்று தொடங்கும் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

ஒரு தடவைதானே சிஸ்டர் விழுந்தான்? கை எப்படி இரண்டு இடத்தில் முறியும்?

விழும்போது பிள்ளை கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறான். அடி முதலில் உள்ளங்கையில் இறங்குகிறது. அங்கே மணிக்கட்டுக்கு மேலே முன்கை எலும்புகள் முறிகின்றன. மிச்சமிருக்கும் வேகம் மேலே ஏறி முழங்கையை அடைகிறது. முழங்கைக்குச் சற்று மேலே, மேற்கை எலும்பு முன்னும் பின்னும் குழிந்து அப்பளம்போல மெலிந்திருக்கும் ஓர் இடம் உண்டு. குழந்தைகளுக்கு முழங்கைப் பகுதியில் அதிகமாக முறிவது அந்த இடம்தான், குறிப்பாக ஐந்து முதல் ஏழு வயதில்.

மேலேயும் கீழேயும் முறிந்துவிட்டால் நடுவில் இருக்கும் முழங்கைக்கு இரு பக்கமும் பிடிப்பு இல்லை. இதை மருத்துவர்கள் "மிதக்கும் முழங்கை" என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஆனால் இது இரண்டு தனித்தனி முறிவுகளின் கூட்டல் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். வீக்கம் அதிகம், நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் ஆபத்து அதிகம். கீழே நான் எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்தால்தான்.

மருத்துவமனைக்கு வரும் முன் வீட்டில் என்ன செய்திருக்க வேண்டும்?

வளையல், காப்பு, மோதிரம், கறுப்புக் கயிறு, கோயில் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள் அல்லது வெட்டுங்கள். சாமிக் கயிற்றை வெட்டத் தயங்கிய பாட்டிமார் பலரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் கை வீங்கும். அப்போது அந்தக் கயிறு மணிக்கட்டை அறுத்துக்கொண்டு நிற்கும். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே ஓர் அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ கீழே கொடுத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, கழுத்தோடு தாங்கிக் கொண்டு வாருங்கள். நேராக்க இழுக்காதீர்கள்.

தோலில் ஒரு சிறு துளை இருந்து இரத்தம் கசிந்தாலும், எலும்பு உள்ளேயிருந்து குத்தி வெளியே வந்து போன வழியாக அது இருக்கலாம். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் வைக்காமல் சுத்தமான துணியால் மூடி, வந்தவுடன் அதை முதலில் சொல்லுங்கள். நோய்க்கிருமிக் கொல்லி ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. தண்ணீர், டீ, பிஸ்கட் எதுவும் கொடுக்காமல் வந்தால் மயக்க மருந்து டாக்டரின் வேலை எளிதாகும்.

புத்தூர் கட்டு போட்டு என் தம்பிக்குச் சரியானது. முதலில் அதைப் பார்க்கலாமா?

விலகாத முறிவு எந்தக் கட்டிலும் சேரும், கட்டே இல்லாமலும் பல நேரம் சேரும். உங்கள் தம்பிக்குச் சரியானது உண்மையாகவே இருக்கும். ஆனால் முழங்கைக்கு மேலே விலகி முறிந்து, முன்கையும் முறிந்த கை வேறு வகை. கட்டு போட்ட பிறகுதான் அது முழுதாக வீங்கும். இறுக்கமான கட்டுக்குள் வீக்கம் விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறினால் தசைக்கு இரத்தம் போகாது. 1881ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன், இறுக்கிக் கட்டிய கைகள் பிறகு விரல்கள் மடங்கி நகம்போல இறுகிப்போவதை எழுதிவைத்தார். இன்றும் அந்த நிலைக்கு அவர் பெயர்தான்.

யார் கட்டினாலும் இந்த விதி ஒன்றுதான். மருத்துவமனையில் நாங்கள் போடும் மாவுக்கட்டும் இறுகினால் இதையேதான் செய்யும். அதனால்தான் முதல் நாளில் கையைச் சுற்றி முழுக்கட்டு போடாமல், ஒரு பக்கம் மட்டும் மாவு வைத்து மேலே துணிச்சுருள் சுற்றுகிறோம். ஏற்கெனவே வெளியில் கட்டு போட்டு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே யாரும் உங்களைத் திட்டக் கூடாது. எத்தனை மணிக்குக் கட்டினார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

மாவுக்கட்டு போட்டால் சேராதா? சின்னப் பிள்ளைக்குக் கம்பி எதற்கு?

சேரும். குழந்தையின் எலும்பு சேராமல் போவது அபூர்வம். எந்தக் கோணத்தில் சேரும், சேரும்வரை கை பத்திரமாக இருக்குமா என்பதே கேள்வி.

முழங்கைக்கு மேல் விலகிய முறிவைக் கம்பி இல்லாமல் பிடித்துவைக்க ஒரே வழி, முழங்கையை நன்றாக மடக்கிக் கட்டுவது. வீங்கிய கையை அப்படி மடக்கினால் மடிப்பில் ஓடும் இரத்தக் குழாய் நசுங்கும். மடக்காமல் விட்டால் எலும்பு நழுவும். முன்கையும் முறிந்திருந்தால் அதற்கு ஒரு கட்டு, அதையும் இறுக்க வேண்டும். உள்ளே கம்பி பிடித்துக்கொண்டால் கட்டுக்கு அந்த வேலை இல்லை. முழங்கையைத் தளர்வான கோணத்தில் வைத்து, கட்டையும் தளர்வாகச் சுற்றலாம். வீக்கத்துக்கு இடம் விடத்தான் கம்பி வைக்கிறார்கள் என்று நான் பெற்றோரிடம் சொல்வேன். இதைக் கேட்டதும் பல அப்பாக்களின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய ஆபத்தைத் தவிர்க்கச் சிறிய ஊசித் துளையை ஏற்கிறோம்.

சீட்டில் "கார்ட்லாண்ட் மூன்று" என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் நிலை என்றால் முற்றிவிட்டதா?

இல்லை. நோய் முற்றும் நிலைகள் வேறு, இது வேறு. 1959இல் கார்ட்லாண்ட் என்ற மருத்துவர் முழங்கைக்கு மேலான முறிவை மூன்றாகப் பிரித்தார். ஒன்று, விரிசல் உண்டு, விலகல் இல்லை. இரண்டு, கீல்போலப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு முன்பக்கம் திறந்திருக்கிறது. மூன்று, இரு துண்டுகளும் முழுதாகப் பிரிந்துவிட்டன. முதல் வகைக்குக் கட்டு போதும். மூன்றாவதற்குக் கம்பி வேண்டும். இரண்டாவதில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பார்கள். ஆனால் அதே கையில் முன்கையும் முறிந்திருந்தால் இரண்டாம் வகைக்கும் கம்பி வைக்கவே பல மருத்துவர்கள் விரும்புவார்கள். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

ராத்திரியே ஆபரேஷன் செய்யாமல் காலைவரை போட்டுவைத்திருக்கிறார்களே, அலட்சியமா?

விரல்கள் சூடாக, சிவப்பாக, அசைகிற நிலையில் இருந்து, தோலும் கிழியாமல் இருந்தால் காலைவரை காத்திருப்பதால் கெடுதல் இல்லை. வயிறு காலியாகவும், பழகிய குழு முழுதாகவும் இருக்கும்போது செய்வது நல்லதுதான். திட உணவும் மாட்டுப்பாலும் கொடுத்து ஆறு மணி நேரம், தாய்ப்பால் கொடுத்து நான்கு மணி நேரம், வெறும் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழிய வேண்டும். பாவம் என்று ஒளித்து ஒரு பிஸ்கட் கொடுத்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

கை வெளுத்துச் சில்லிட்டிருந்தால், எலும்பு தோலைக் கிழித்திருந்தால், வலி ஏறிக்கொண்டே இருந்தால் நேரம் பார்ப்பதில்லை. அப்போது நள்ளிரவிலும் தியேட்டர் திறக்கும்.

உள்ளே என்னதான் செய்வார்கள்? கையைக் கிழிப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. மயக்கம் கொடுத்தபின் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து இழுத்துத் திருப்பி எலும்பை இடத்தில் உட்காரவைப்பார்கள். பிறகு சைக்கிள் சக்கரக் கம்பியைவிடச் சற்று மெல்லிய, வழவழப்பான எஃகுக் கம்பிகள் இரண்டோ மூன்றோ தோல் வழியாக எலும்புக்குள் போகும். கே-வயர் என்று சொல்வது இதைத்தான். முதல் எழுத்து, 1909இல் இதைக் கொண்டுவந்த ஜெர்மானிய மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னரின் பெயர். கம்பியின் நுனி தோலுக்கு வெளியே வளைத்து விடப்படும். எடுக்கும்போது அது உதவும். எலும்பு உட்கார மறுத்தாலோ, நரம்போ குழாயோ நடுவில் சிக்கியிருந்தாலோ மட்டும் திறந்து பார்ப்பார்கள்.

மணிக்கட்டுக்கு அருகில் முறிவு என்றால் அங்கேயும் இதே கே-வயர். முன்கையின் நடுப்பகுதியில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தால் வளையக்கூடிய டைட்டானியக் கம்பியை எலும்பின் உள் குழாய் வழியாகச் செலுத்துவார்கள். பிரான்சின் நான்சி நகரத்து மருத்துவர்கள் 1980 வாக்கில் வளர்த்தெடுத்த முறை இது. பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பதுண்டு.

மேலே ஒரு ஆபரேஷன், கீழே ஒரு ஆபரேஷன் என்றால் இரண்டு தடவை மயக்கமா? மூளைக்கு ஆகாதே.

ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பார்கள். எதை முதலில் என்பதில் மருத்துவர்களுக்குள் இரு கருத்து உண்டு. கைக்கு இரத்தம் சரியாகப் போகவில்லை என்றால் முழங்கைதான் முதலில். அதை நேராக்கினாலே நாடி திரும்புவது வழக்கம்.

மூளை பற்றிய பயம் எல்லாத் தாய்மாருக்கும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்க அறுவையின்போது கொடுத்த ஒரு மணி நேரத்துக்குக் குறைவான மயக்கத்தைப் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ஐந்து வயதானபோது சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. உங்கள் பிள்ளை அந்தக் கைக்குழந்தைகளைவிட மூத்தவன்.

முதல் ராத்திரி எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? தூங்கினால் எழுப்பலாமா?

எழுப்பலாம். எழுப்ப வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முன்கைத் தசைகள் உறுதியான உறைகளுக்குள் இருக்கின்றன. உறை விரியாது. உள்ளே வீக்கம் ஏறினால் தசையும் நரம்பும் மூச்சுத் திணறும். சில மணி நேரம் இரத்தம் போகாமல் இருந்தால், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், தசை மீளாமல் செத்துவிடும். இரண்டு இடத்தில் முறிந்த கைக்கு இந்த ஆபத்து ஒரு முறிவைவிட அதிகம். ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும் வரலாம். அறிகுறி வலிதான். ஆனால் பிள்ளைக்கு "வலி ஏறுகிறது" என்று சொல்லத் தெரியாது. அவன் படபடப்பான், அடங்காமல் புரளுவான், மருந்து கொடுத்து அரை மணியில் மறுபடி அழுவான். விரல் அசைக்கச் சொன்னால் கையைத் தொடவே விடமாட்டான். நாம் மெதுவாக ஒரு விரலை நிமிர்த்தினால் அலறுவான். இதைச் சுற்றியிருப்பவர்கள் அடம் என்பார்கள், செல்லம் என்பார்கள், ஊசிக்குப் பயம் என்பார்கள். கம்பி வைத்த கையின் வலி மணிக்கு மணி குறைய வேண்டும். மருந்துக்கு மேல் மருந்து தேவைப்படுகிற அழுகையை அடம் என்று எண்ணவே எண்ணாதீர்கள். கை மரத்துப்போவது, விரல் வெளுப்பது, நாடி நிற்பது எல்லாம் தாமதமாக வருகிறவை. அதுவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஒவ்வொரு மணிக்கும் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். விரல்களை அவனே மடக்கி நிமிர்த்தட்டும். கையைத் தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சந்தேகம் வந்தால் எங்களை எழுப்புங்கள், நாங்கள் சிடுசிடுத்தாலும் எழுப்புங்கள். முதலில் கட்டைத் துணிவரை முழுதாகப் பிளந்து தளர்த்துவோம். பல நேரம் அதிலேயே பிள்ளை அமைதியாகிவிடுவான். அமைதியாகாவிட்டால் உறையைத் திறந்துவிடும் அறுவை உடனே வேண்டும். தழும்பு பெரிதாக இருக்கும், கை பிழைக்கும். ஒருமுறை ஒரு தாய் மூன்று தடவை என்னிடம் வந்து "இது இவன் அழுகையே இல்லை" என்றார். அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து பெற்றோர் அப்படிச் சொன்னால் நான் முதல் தடவையிலேயே டாக்டரைக் கூப்பிடுகிறேன்.

கட்டைவிரலை மடக்கமாட்டேன் என்கிறான். நரம்பு அறுந்துவிட்டதா?

அறுவது அரிது. கூரான எலும்பு முனை நரம்பை இழுத்தோ நசுக்கியோ இருக்கும். சோதிக்க விளையாட்டே போதும். "கல், காகிதம், கத்தரி" காட்டச் சொல்லுங்கள், கடைசியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். கல், காகிதம், கத்தரி, வட்டம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நரம்பின் வேலை. முழங்கை முறிவில் அடிக்கடி அடிபடுவது வட்டம் போடும் நரம்பு. நுனி மடங்காமல் வட்டம் தட்டையாகிவிடும். அந்த நரம்புக்குத் தோலில் உணர்ச்சி வேலை கிடையாது. மரத்துப்போகாததால் யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

ஆபரேஷனுக்கு முன்பே இப்படி இருந்ததா, பிறகு வந்ததா என்பது மிக முக்கியம். முன்பே இருந்தால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாகத் திரும்பும். பிறகு புதிதாக வந்தால், குறிப்பாக முழங்கையின் உள்பக்கம் கம்பி வைத்து, சுண்டுவிரல் மரத்து, கத்தரி வராமல் போனால், கம்பி அந்த நரம்பைத் தொட்டிருக்கலாம். டாக்டர் பார்த்து அந்தக் கம்பியை எடுக்கவோ மாற்றவோ முடிவு செய்வார். ஆகவே தியேட்டருக்குப் போகும் முன்பே ஒருமுறை நீங்களே இந்த விளையாட்டை விளையாடிப் பார்த்துவையுங்கள்.

நாடி கிடைக்கவில்லை என்கிறார்கள், ஆனால் கை சிவப்பாகத்தானே இருக்கிறது?

பெரிய குழாய் நசுங்கியிருந்தாலும் சுற்றியிருக்கும் சிறு குழாய்கள் கைக்குப் போதிய இரத்தம் கொடுக்கும். எலும்பை நேராக்கிய பிறகும் கை சிவப்பாகவும் சூடாகவும் இருந்தால், நாடி தட்டாவிட்டாலும், மருத்துவமனையில் வைத்து விடாமல் கவனிப்பதே போதுமானதாக இருக்கலாம். நேராக்கியும் வெளுப்பாக இருந்தால் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படாதீர்கள்.

பருப்பு கொடுத்தால் சீழ் பிடிக்குமாமே? என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

பிடிக்காது. சீழ் கிருமியால் வருவது. பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாம் எலும்புக்கு வேண்டியவை. கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கூழாகவோ அடையாகவோ கொடுங்கள். ஆட்டுக்கால் சூப் பிடித்தால் குடிக்கட்டும். பிரண்டைத் துவையலும் நல்ல உணவு. அரைத்து முறிந்த இடத்தில் பற்றுப் போடுவது மட்டும் கூடாது, கம்பித் துளை அங்கேதான் இருக்கிறது.

கட்டுக்குள் அரிக்கிறது என்று விளக்குமாற்றுக் குச்சி விட்டுச் சொறிகிறாள்.

நிறுத்துங்கள். குச்சி, அளவுகோல், பென்சில் எல்லாம் உள்ளே தோலைக் கீறிப் புண்ணாக்கும். உடைந்து உள்ளேயே தங்கியதும் உண்டு. குளிக்கும்போது பிளாஸ்டிக் பை கட்டி, கையைத் தண்ணீருக்கு வெளியே வையுங்கள். கட்டு நனைந்தால், நாற்றம் வந்தால், காய்ச்சலோடு கம்பி இடம் வலித்தால் அன்றே வாருங்கள்.

கம்பியை எப்போது எடுப்பார்கள்? அதற்கும் மயக்கமா?

முழங்கைக் கம்பியை மூன்று நான்கு வாரத்தில், வெளிநோயாளர் பிரிவிலேயே, மயக்கம் இல்லாமல் எடுப்போம். சில நொடிகள்தான். வலியைவிடக் குறடைப் பார்க்கும் பயம்தான் பெரிது. "ஒன்றுமே தெரியாது" என்று பொய் சொல்லிக் கூட்டி வராதீர்கள்; "ஒரு இழுப்பு இழுக்கும், நீ பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும்" என்று சொல்லுங்கள். உண்மை தெரிந்து வருகிற பிள்ளைதான் அமைதியாக இருக்கிறது.

முன்கைக்கு இன்னும் சில வாரம் கட்டு தேவைப்படலாம். இரண்டு முறிவும் ஒரே நாளில் சேராது. உள்ளே வைத்த டைட்டானியக் கம்பி ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை இருந்து, பிறகு சின்ன மயக்கத்தில் வெளியே வரும். சீக்கிரம் எடுத்தால் அதே இடத்தில் மறுபடி முறியலாம்.

கட்டு பிரித்து இரண்டு வாரமாகியும் முழங்கை நீளவில்லை. எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?

வேண்டாம். முழங்கை மட்டும் நீவலுக்கும் இழுப்புக்கும் ஒத்துவராத மூட்டு. வலுக்கட்டாயமாக நீட்டினால் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு படிந்து, மூட்டு நிரந்தரமாக இறுகலாம். வாளியில் தண்ணீர் தூக்கவைப்பது, மணல் பையைக் கட்டித் தொங்கவிடுவது இரண்டும் அதே தவறு.

குழந்தைகள் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். தட்டை எட்டி எடுக்கட்டும், தலை வாரட்டும், பந்து உருட்டட்டும். பெரும்பகுதி அசைவு சில வாரங்களில் வரும், மிச்சம் ஒரு வருடம்வரை மெதுவாக வரும். இரண்டு முறிவு உள்ள கைக்குக் கூடுதல் காலம் பிடிக்கும். மரம் ஏறுவது, கபடி, சைக்கிள் எல்லாம் டாக்டர் சொல்லும்வரை நிற்கட்டும்.

வளரும் எலும்பில் கம்பி போனால் கை குட்டையாகிவிடாதா?

எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. வழவழப்பான மெல்லிய கம்பி சில வாரம் அதன் ஊடே போய்வந்தால் பொதுவாக வளர்ச்சி நிற்பதில்லை. முறிவே அந்தத் தட்டின் வழியாகப் போயிருந்தால்தான் கவலை. அப்படியானால் டாக்டர் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்தும் வரச் சொல்வார். கை நன்றாக இருக்கிறதே என்று அந்த வருகையைத் தவறவிடாதீர்கள்.

மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டு விலகி, நீங்கள் பத்து நாள் கழித்து வந்தால், டாக்டர் அதைத் திருப்பி உட்காரவைக்க மறுக்கலாம். அது அக்கறையின்மை அல்ல. அதற்குள் சேரத் தொடங்கியிருக்கும் தட்டைப் பலமாக இழுத்தால்தான் வளர்ச்சி நிற்கும்.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டு இன்னும் கோணலாகத் தெரிகிறது. டாக்டர் பரவாயில்லை என்கிறார். முழங்கையில் துளி சாய்ந்தாலும் விடமாட்டேன் என்றாரே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் பக்கத்தில் நடக்கிறது, முழங்கைப் பக்கத்தில் 20 சதவீதம்தான். முன்கையில் நேர்மாறு, கட்டைவிரல் பக்கத்து எலும்பின் வளர்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கம். நிறைய வளரும் முனைக்கு அருகில் கோணல் இருந்தால் வளர்ச்சியே அதை நிமிர்த்திவிடும், அதுவும் பத்து வயதுக்குக் கீழே என்றால் வியப்பாக இருக்கும். முழங்கைக்கு அந்தச் சக்தி இல்லை. அங்கே உள்பக்கம் சாய்ந்து சேர்ந்தால் அப்படியே நிற்கும். எலும்பு தன் அச்சில் திருகிச் சேர்ந்திருந்தால் மணிக்கட்டுப் பக்கமும் சரியாகாது.

இரண்டு கையும் முறிந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் பிள்ளை என்ன செய்வான்?

இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்வார்கள். முடிந்தால் ஒரு கையின் முழங்கையையாவது மடக்கி வாய்க்கு எட்டும்படி கட்டச் சொல்லிக் கேளுங்கள். ஊட்டுவதும் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் உங்கள் வேலை. எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இதற்குக் கூசுவார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். கவனியுங்கள்.

செலவுக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் இந்த அறுவை இலவசமாகவே நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் வேண்டும். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

எப்படி விழுந்தான், யார் இருந்தார்கள் என்று டாக்டர் போலீஸ் மாதிரி துருவுகிறாரே?

புண்படுத்த அல்ல. ஒரு குழந்தைக்குப் பல முறிவுகள் இருந்தால், சொல்லும் கதைக்கு முறிவு பொருந்துகிறதா என்று பார்ப்பது எங்கள் கடமை. நடக்கத் தொடங்காத குழந்தைக்கு மேற்கை முறிந்தாலோ, புதிய முறிவோடு பழைய முறிவும் எக்ஸ்ரேயில் தெரிந்தாலோ கட்டாயம் கேட்போம். யாரோ அந்தக் குழந்தையை அடித்திருக்கலாம். பெற்றோருக்கே தெரியாமலும் நடந்திருக்கலாம். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

நோயாலும் இருக்கலாம். சின்ன அடிக்கே திரும்பத் திரும்ப முறிந்தால், விழிவெண்மை நீலம் பூத்திருந்தால் எலும்பு பிறவியிலேயே பலவீனமாக இருக்கக்கூடும். கால் வளைந்திருந்தால் வைட்டமின் டி குறைவு இருக்கலாம். அதனால் பழைய முறிவுகளை மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் முன்பு கட்டு போட்டுச் சேர்ந்த கை. இப்போது முழங்கை உள்பக்கம் வளைந்து தெரிகிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். மணிக்கட்டுக் கோணல் பற்றிய பதிலில் சொன்னதுபோல, இந்த வளைவு தானாக நிமிராது. ஆனால் மேற்கை எலும்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை எடுத்து நேராக்கும் அறுவை உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை வேலை செய்வதில் குறை இருக்காது, தோற்றம்தான் உறுத்தும். ஆகவே அவசரமில்லை, பிள்ளைக்கு உறுத்துகிறதா என்று அவளையும் கேட்டு முடிவெடுக்கலாம்.

முழங்கை வெளிப்பக்கம் வளைந்து வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெளிப்பக்க எலும்புத் துண்டு அன்று சேராமல் விட்டுப்போயிருக்கலாம். அப்படியானால் பல வருடம் கழித்துச் சுண்டுவிரல் நரம்பு இழுபட்டு மரக்கத் தொடங்கும். எதுவானாலும் வரும்போது முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே, கட்டு பிரித்தபோது எடுத்தது, அன்றைய சீட்டு மூன்றையும் தேடி எடுத்து வாருங்கள். இரண்டு கையும் தெரிகிற பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் அதையும்.